எழுத்துக்கு 25 ரூபா

ஆச்சி போய்ச் சேந்து இந்த மாசத்தோட ஒரு வருஷம். எங்க பக்கம், நாசரேத் சுத்துப்பட்டு கிராமங்கள்ல, மொத வருஷ நினைவு ஜெபத்துக்கு முன்னாடி கல்லறையில கல்லு வச்சுரணும், இல்லன்னா ஊர் சும்மா இருக்காது, பேரன் மெட்ராஸ்ல சம்பாதிக்கான் ஆச்சிக்கு ஒரு கல்லு வைக்க வக்கில்லன்னு கோயில் வாசல்லயே நின்னு பேசுவாங்க. அதனால லீவு போட்டுட்டு ஊருக்குப் போனேன், போனா அங்க வீட்டுக்குள்ள ஒரு சண்டை ஓடிக்கிட்டு இருக்கு. கல்லுல எந்த வசனம் போடுறதுன்னு.

கல்லு வெட்டுறவர் பட்டறை மெயின் ரோட்டு மேல ஒரு தகர ஷெட்டு. நெத்தி நிறைய விபூதி, காதுல பென்சில். கருப்பு கிரானைட் இவ்வளவு, பேரு தேதி எல்லாம் அதுக்குள்ள வந்துரும், வசனம் மட்டும் தனி, எழுத்துக்கு 25 ரூபான்னு சொன்னார். மாமா உடனே, புள்ளி வச்ச எழுத்தும் ஒரு எழுத்துக் கணக்குதானான்னு கேட்டார், மாமா அந்தக் காலத்துல கட்டட மேஸ்திரி, கணக்குல விடமாட்டார். "புள்ளியும் உளியாலதான் வைக்கணும் அண்ணாச்சி"ன்னு அவர் சொன்னதும் மாமாவால மேல பேச முடியல.

மாமாவுக்கு 2 தீமோத்தேயு 4:7 வேணும். "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்." எண்ணிப் பாத்தா 40 எழுத்து, ஆயிரம் ரூபா. அம்மாவுக்கு வெளிப்படுத்தல் 2:10. "மரணபரியந்தம் உண்மையாயிரு, அப்பொழுது ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்." 36 எழுத்து, 900. சண்டை காசுக்கு இல்ல. அம்மா சொன்ன காரணம் வேற, "போராடினேன் முடித்தேன்னு போட்டா எங்கம்மா தானே எந்திரிச்சு உக்காந்து தன் பெருமையைச் சொல்லுத மாதிரி இருக்குல்லா, அவ அப்படிப்பட்டவளா? இது ஆண்டவர் அவளைப் பாத்து சொல்லுதது." கல்லுல யாரு பேசுறாங்கன்னு நான் அதுவரைக்கும் யோசிச்சதே இல்ல. மாமாவும் யோசிச்சிருக்க மாட்டார், அதனால 2:10 ஜெயிச்சுது. கல்லு வெட்டுறவர் கேட்டதும், "வெளி ரெண்டு பத்தா, அது நெறைய பேரு போடுவாவ, எனக்கு மனப்பாடம்"னார். இருந்தாலும் வாட்ஸப்ல அனுப்பிருங்க, அதைப் பாத்துதான் வெட்டுவேன்னார். பைக்ல மாமாவுக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டே டைப் பண்ணி அனுப்பிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி கரண்ட் இல்ல, தூக்கமும் வரல, போன் வெளிச்சத்துல அந்த அதிகாரத்தை எடுத்துப் படிச்சேன். எங்க ஊர் கல்லறைத் தோட்டத்துல பாதிக் கல்லுல இருக்கிற வசனம், சின்ன வயசுல எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பழகினதே அந்தக் கல்லுகள்லதான், ஆனா அது யாருக்கு எழுதினதுன்னு கேட்டா எனக்கு ஒழுங்கா சொல்லத் தெரியாது. சிமிர்னா சபைக்கு எழுதினது. இப்போ துருக்கியில இஸ்மிர்னு இருக்கே அந்த ஊரு. அந்த சபை தரித்திரம் பிடிச்ச சபை, அதை அந்தக் கடிதமே சொல்லுது, உங்கள்ல சில பேரை ஜெயில்ல போடப்போறாங்க, பத்து நாள் உபத்திரவம் இருக்குன்னு சொல்லிட்டு, அப்புறம்தான் இந்த மரணபரியந்தம் வருது. நாம அதை 'சாகுற வரைக்கும் ஒழுங்கா கோயிலுக்குப் போனாங்க'ங்கிற அர்த்தத்துல கல்லுல போடுறோம். அவங்களுக்கு அது 'கொன்னாலும் மாறாதே'. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்.

அதே ஊர்ல பிஷப்பா இருந்த பொலிக்கார்ப்புன்னு ஒரு கிழவரை கி.பி. 155 வாக்குல ஸ்டேடியத்துல வச்சுக் கொன்னாங்க. கிறிஸ்துவைத் திட்டு, விட்டுர்றேன்னு கவர்னர் சொல்றான். 86 வருஷமா அவருக்கு வேலை செஞ்சிருக்கேன், அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யல, என்னை ரட்சிச்ச ராஜாவை நான் எப்படித் திட்டுவேன்னு இவர் கேட்டாராம். இதுல எனக்குப் பிடிச்சது, அந்த நேரத்துல அவர் கிரீடத்தைப் பத்திப் பேசல. எனக்கு ஜீவகிரீடம் வச்சிருக்கு, நீ என்ன வேணா பண்ணுன்னு வீரவசனம் பேசியிருக்கலாம். பழைய பழக்கத்தைச் சொல்றார், இத்தனை வருஷம் ஒண்ணா இருந்தோம், இப்பப் போய் எப்படின்னு, ஒரு குடும்பஸ்தன் பேசுற மாதிரி. அழியாத கிரீடத்தை வாங்கிட்டார்னு சொன்னதெல்லாம் அவர் செத்த அப்புறம் அந்த சபை எழுதின கடிதத்துலதான்.

கிரீடம்னதும் நமக்கு என்ன வருது, பழைய சினிமா ராஜா தலையில ஜிகினா ஒட்டின அட்டைக் கிரீடம், இல்லன்னா சண்டே ஸ்கூல் டிராமாவுல ஏரோதுக்கு வைக்கிறது (நான் மூணு வருஷம் ஏரோது, குரல் கட்டைங்கிறதால). ஆனா மூலத்துல இருக்கிற கிரேக்க வார்த்தை ஸ்டெஃபனோஸ், ராஜா போடுறது இல்ல அது, ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சவன் தலையில வைக்கிற இலை வளையம். ராஜாக்கள் போடுறதுக்கு தியாதெமான்னு வேற வார்த்தை இருக்கு. நம்ம மொழியில சொன்னா வாகை. வாகை சூடினான்னு சொல்றோமே, அதேதான், பூவையும் இலையையும் கட்டித் தலையில வைக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, அவங்க அழிவுள்ள கிரீடத்துக்காக ஓடுறாங்க, நாம அழிவில்லாததுக்காகன்னு சொல்றார்ல, அந்த கொரிந்துக்குப் பக்கத்துலயே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய போட்டி நடக்கும், அங்க ஜெயிச்சவனுக்குக் கிடைக்கிறது பைன் மரத்து இலை, இல்லன்னா காஞ்ச செலரிக் கீரை. கீரைங்க! குடுக்கும்போதே வாடிப்போனது. கேட்டவங்க எல்லாரும் அதைக் கண்ணால பாத்திருப்பாங்க, சிரிச்சிருப்பாங்க. நம்ம தங்கக் கிரீடத்துல அந்தச் சிரிப்பு போச்சு.

இன்னொண்ணு. இயேசு தலையில வச்ச முள்முடிக்கும் அதே ஸ்டெஃபனோஸ்தான். தமிழ்ல அங்க முடின்னும் இங்க கிரீடம்னும் வந்துட்டதால ரெண்டும் வேற வேற சாமான் மாதிரி ஆயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி இது எனக்குத் தெரிஞ்சப்ப கொஞ்ச நேரம் போனை அணைச்சுட்டு சும்மா படுத்திருந்தேன்.

சரி, பலன் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா எனக்குள்ள ரொம்ப நாளா இருக்கிற எரிச்சல் அதுதான். சின்ன வயசுல ஒரு கன்வென்ஷன்ல, யாருன்னு சொல்லல, ஒருத்தர் கதை சொன்னார். ஒரு பணக்கார அம்மா பரலோகம் போறாங்களாம், தேவதூதன் கூட்டிட்டுப் போய் ஒரு பெரிய பங்களாவைக் காட்டி இது உங்க வீட்டு வேலைக்காரியோடதுங்கிறான், அதுக்கு அங்குட்டு ஒரு ஓலைக் குடிசையைக் காட்டி இது உங்களுதுங்கிறான், ஏன்னு கேட்டா, நீங்க கீழ இருந்து அனுப்பின மெட்டீரியல் இவ்வளவுதான்மான்னானாம். கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது, அடுத்த நிமிஷம் காணிக்கைப் பை வந்துச்சு. கதை நல்ல கதைதான், ஏழை வேலைக்காரிக்குப் பங்களா கிடைக்குதேன்னு எனக்கும் சந்தோஷம். ஆனா வீட்டுக்கு வர்ற வழியில யோசிச்சா, பரலோகத்துலயுமா குடிசை? அங்கயும் ஒருத்தன் பங்களா மாடியில நின்னு குடிசைக்காரனைப் பாத்துட்டு நிப்பானா?

"என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு"ன்னு யோவான் 14-ல இருக்கு, எங்க பக்கம் சாவு வீட்ல மொத வாசிப்பே பெரும்பாலும் அதுதான். பழைய இங்கிலீஷ் பைபிள்ல மேன்ஷன்னு போட்டதுல பிடிச்சது இந்த பங்களாக் கதையெல்லாம். மூல வார்த்தைக்குத் தங்குற இடம்னுதான் அர்த்தம், தமிழ் பைபிள்காரங்க வாசஸ்தலம்னு சரியாத்தான் போட்டாங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு. அந்த வார்த்தை புதிய ஏற்பாட்டுல ரெண்டே இடத்துலதான் வருது, இன்னொண்ணு அதே அதிகாரத்துல 23-ஆம் வசனம், நாங்க அவன்கிட்ட வந்து அவனோட வாசம்பண்ணுவோம்னு. ஒரு இடத்துல நாம அங்க போய்த் தங்குறோம், இன்னொரு இடத்துல அவர் இங்க வந்து தங்குறார். ஸ்கொயர் ஃபீட் பத்தி ரெண்டு இடத்துலயும் பேச்சில்ல.

ஆனா நான் ஒரேயடியா ஒரு பக்கமா சாயவும் முடியல, ஏன்னா பைபிளே கூலிக் கணக்குப் பேசுது. அவனவன் தன்தன் வேலைக்குத்தக்க கூலியைப் பெறுவான்னு பவுல் சொல்றார், ஒருத்தனுக்குப் பத்துப் பட்டணம் இன்னொருத்தனுக்கு அஞ்சுன்னு இயேசுவே உவமை சொல்றார். மலைப் பிரசங்கத்துல பரலோகத்தில் உங்கள் பலன் மிகுதியாயிருக்கும்னு வருதே, அந்தப் பலனும் திராட்சத்தோட்டக் கதையில வர்ற கூலியும் மூலத்துல ஒரே வார்த்தைதான், சாயங்காலம் கையில எண்ணிக் குடுக்கிற நாள்கூலி. தமிழ்ல பலன்னு போட்டதால மரத்துல பழுத்த மாதிரி அழகாத் தெரியுது.

அந்த திராட்சத்தோட்டக் கதையை மாமாகிட்ட சொன்னாலே அவருக்குக் கோவம் வரும். காலையில வந்தவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரு பணம். "மறுநாள் எவன் விடியக்காலம் வருவான்? எல்லாப் பயலும் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வந்து நிப்பான். ஆண்டவர் பெரியவர்தான், ஆனா சைட்டு நடத்துனது இல்ல." இதை ஐயர் முன்னாடியே சொல்லியிருக்கார் (எங்க ஊர்ல பாஸ்டரை ஐயர்னுதான் சொல்லுவோம், வெளியூர்க்காரங்க குழம்பிராதீங்க). மாமா சொல்றதுதான் அந்தக் கதையைச் சரியாப் புரிஞ்சுக்கிட்ட ஆளு சொல்றதுன்னு எனக்குத் தோணும், அதைக் கேட்டுக் கோவமே வராதவங்க கூலிக்கு நின்னதில்ல.

நம்ம ஊர்ச் சுவர்கள்ல ஒரு வசனம் பாத்திருப்பீங்க, கிறிஸ்தவங்களா இல்லாதவங்களுக்குக்கூடத் தெரியும், ரயில்வே கேட்டு பக்கம், பாறை மேல, பாலத்துத் தூண்ல, "பாவத்தின் சம்பளம் மரணம்". அதோட மறுபாதியை நான் ஒரு சுவர்லயும் பாத்ததில்ல. "தேவனுடைய கிருபைவரமோ... நித்தியஜீவன்." ரோமர் 6:23, ஒரே வசனம். பாவத்துக்குச் சம்பளம், நித்தியஜீவனுக்கு வரம், வார்த்தையை மாத்தித்தான் போட்டிருக்கு. பாவம் கரெக்டா கணக்குப் பாத்துக் குடுக்குற முதலாளி, மாமா மாதிரி. மறுபக்கம் கணக்கே இல்ல. பெயிண்டருக்கும் எழுத்துக்கு இவ்வளவுன்னு கூலியோ என்னவோ, பாதியோட நிறுத்திட்டாங்க.

கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுக்கும் இதுல நானூறு வருஷத்துக்கு மேல சண்டை, புண்ணியம் செஞ்சு சம்பாதிக்கிறதா சும்மா கிடைக்கிறதான்னு, 1999-ல ஜெர்மனியில ஆக்ஸ்பர்க்ல லுத்தரன்களும் ரோமும் உக்காந்து இதைப் பத்தி ஒரு கூட்டு அறிக்கையில கையெழுத்துப் போட்டாங்க. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே அகஸ்டின்னு ஒரு பிஷப் ஒரு கடிதத்துல எழுதிட்டார், நம்ம புண்ணியத்துக்குக் கடவுள் முடிசூட்டும்போது தான் குடுத்த பரிசுக்குத்தான் முடிசூட்டுறார்னு. வெளிப்படுத்தல் 4-ல 24 மூப்பர்கள் அதே கிரீடத்தைக் கழட்டி சிங்காசனத்துக்கு முன்னாடி வச்சிர்றாங்க. வாங்குறது, உடனே திருப்பிக் குடுக்கிறது. அப்புறம் என்னத்துக்கு எந்தப் பயலுக்குப் பெருசுன்னு அளந்துக்கிட்டு.

எங்க கோயில்ல ஃபேன் ரெக்கை ஒவ்வொண்ணுலயும் பேரு இருக்கும், டியூப்லைட்ல அன்பளிப்புன்னு ரெண்டு வரி எழுதி வெளிச்சமே பாதிதான் வரும். அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்ததுன்னு மத்தேயு 6-ல வருதே, அந்த அடைந்து தீர்ந்ததுங்கிற வார்த்தை அந்தக் காலத்து ரசீதுகள்ல எழுதுறது, முழுத் தொகையும் வரப்பெற்றேன்னு. பிரசங்கம் போரடிக்கும்போதெல்லாம் நிமிந்து ஃபேனைப் பாத்தா ரசீது சுத்திக்கிட்டு இருக்கும்.

ஆச்சி பேரு எந்த ஃபேன்லயும் இல்ல. ஆச்சி செஞ்சது கைப்பிடி அரிசி. உலையில போட அரிசி அளந்ததும் அதுல இருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியா ஒரு மண்கலயத்துல போட்டுரணும், மதியம் ராத்திரி ரெண்டு வேளையும், ஞாயித்துக்கிழமை அதைக் கோயில்ல கொண்டு போய்க் கொட்டணும், ஆராதனை முடிஞ்சு அது ஏலம் போகும். வீட்ல அரிசி குறைவா இருந்த நாள்லயும் எடுப்பா. தாத்தா ஒரு தடவை, பிள்ளைகளுக்கே காணல நீ அங்க கொண்டு கொட்டுதியேன்னு சத்தம் போட்டதுக்கு, "கை எம்புட்டுப் பெருசு, கைக்குள்ள நிக்கிறதுதான"ன்னாளாம். இது அம்மா சொல்லிக் கேட்டது. இதுக்கு மேல என்ன பலன் கிடைக்கும்னு ஆச்சி கணக்குப் போட்டதா எனக்குத் தெரியல. கிரீடத்தைப் பத்தி அவ வாயால ஒரு வார்த்தை நான் கேட்டதில்ல.

அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், அதையும் கடைசி வருஷத்துல, கண்ணு சரியாத் தெரியாமப் போனப்புறம். மூத்த பையன், என் அம்மாவுக்கு அண்ணன், மூணு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். ஆச்சிக்கு அப்போ 21 வயசு. ஒரு நாள் மத்தியானம் நான் பக்கத்துல உக்காந்து போன் நோண்டிட்டு இருக்கும்போது திடீர்னு, "ஏல, அங்க போனா அவனுக்கு என்னைய அடையாளம் தெரியுமா? அவன் போகையில எனக்கு முடியெல்லாம் இடுப்புக்குக் கீழ கெடக்கும்லா, இப்பக் கெழவியாப் போய் நின்னா யாரோன்னு நெனைக்க மாட்டானா?"

நான் என்ன சொல்ல. ஐயரைக் கேட்டுச் சொல்றேன் ஆச்சின்னேன். அதுக்கு, "ஐயருக்கு எப்பிடித் தெரியும், அவர் என்ன போயிட்டா வந்தாரு"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு எனக்கு யோவான் 20 ஞாபகம் வந்துச்சு, இயேசு உயிர்த்தெழுந்த அன்னைக்குக் காலையில மகதலேனா மரியாள் அவரைப் பாத்துட்டுத் தோட்டக்காரன்னு நெனச்சா, முகத்தை வச்சு அவளுக்குத் தெரியல, மரியாளேன்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும்தான் தெரிஞ்சுது. அதைச் சொன்னேன். ஆச்சி பதில் சொல்லல, தூங்கிட்டாளோன்னு பாத்தா கண்ணு திறந்துதான் இருந்துச்சு. "அப்பச் சரி. அவனுக்கு நான் ஒரு பேரு வச்சிருந்தேன், எனக்கும் அவனுக்கும் மட்டும்." என்ன பேரு ஆச்சின்னு கேட்டேன். "ஒனக்கு எதுக்குல அது"ன்னுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

வெளிப்படுத்தல் அதே ரெண்டாம் அதிகாரத்துல, கிரீடத்துக்கு ஏழு வசனம் தள்ளி, பெர்கமு சபைக்கு ஒரு வாக்குத்தத்தம் இருக்கு, ஒரு வெள்ளைக் கல்லு குடுப்பேன், அதுல ஒரு புதுப் பேரு எழுதியிருக்கும், வாங்குறவனைத் தவிர வேற யாருக்கும் அது தெரியாதுன்னு. அந்த ராத்திரி அதைப் படிச்சுட்டு, காலையில எந்திரிச்சதும் அம்மாகிட்ட 2:17 போடலாமான்னு கேட்டேன், மறுபடியும் சண்டையைக் கிளப்பாதேன்னுட்டாங்க. எழுத்தும் ரொம்பக் கூட வரும்.

நாலு நாள் கழிச்சுக் கல்லு ரெடின்னு போன் வந்துச்சு. போய்ப் பாத்தா நல்லா பளபளன்னு, முகம் தெரியுது அதுல. தங்கக் கலர் எழுத்து. பேரு சரி, தேதி சரி. கடைசி வரி படிக்கிறேன், ஜீவகிரிடத்தை. ரீ இல்ல, ரி. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது, கல்லுல வெட்டினதை எப்படி அழிக்கிறது. என்னங்க இது, மனப்பாடம்னீங்களேன்னு கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். அவர் பேசாம போனை எடுத்து என் மெசேஜைக் காட்டினார். கிரிடத்தை. பைக்ல உக்காந்து டைப் பண்ணினது.

"நானும் வெட்டும்போது பாத்தேன். சரி, நீங்க படிச்சவங்க, பைபிளைத்தான் அப்பப்பப் புதுசா மாத்துறாங்களே, இப்ப இப்பிடித்தான் போலன்னு நெனச்சேன்."

நான் ஒண்ணும் சொல்லல. அவர் குத்தவச்சு உக்காந்து சின்ன உளி ஒண்ணைத் தேடி எடுத்தார், பீடியைக் கீழ வச்சார், ரியோட கொம்பு முடியுற இடத்துல வச்சு டொக் டொக்குன்னு தட்ட ஆரம்பிச்சார், சுத்தியலை ஓங்கவே இல்ல, நகத்தால தட்டுற மாதிரி. அஞ்சு நிமிஷம்கூட ஆகல, சுழி வந்துருச்சு. வாயால ஊதித் தூசியைத் தள்ளிட்டு, பிரஷை முக்கி அந்தச் சுழிக்குள்ள மட்டும் தங்கப் பெயிண்டை விட்டார். நான் பர்ஸை எடுத்து எவ்வளவுங்கன்னு கேட்டேன்.

"சுழிக்கு என்னத்தத் துட்டு வாங்க, உள்ள வையுங்க. பெயிண்டு ஈரமா இருக்கு, அரைமணி நேரத்துக்கு அது மேல கையை வச்சிராதீங்க."